பாடுகிறவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்: மொரீஷியஸ் தமிழ் ஒலிபரப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரீஷியஸில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தமிழ் நிகழ்ச்சி தயாரிக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தமிழ்க் கோயில்களையும் சங்கங்களையும் நடத்தும் பெரியவர்களே, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பாடும் பாட்டுகளை, நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, மாப்பிள்ளையைக் கேலி செய்யும் பாட்டு எல்லாவற்றையும், பாடத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே பதிவு செய்து ஒலிபரப்புங்கள். பாட்டு மட்டும் போதாது. பாடுகிறவர் தன் சொந்தக் கல்யாணம் எந்த ஊரில், எந்தப் பந்தலில், யார் யார் சூழ நடந்தது என்று சொல்வதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். இதற்காகத்தான் இந்த மடல். இனி வருவதெல்லாம் ஏன் கேட்கிறேன், எப்படிச் செய்யலாம் என்பது பற்றி.

நம் தீவில் தமிழர் வீடுகளில் பேச்சு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியில்தான் நடக்கிறது, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. தேவாரம் பாடுகிறோம், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறோம், பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. அந்த எழுத்தின் வரிசையை 1998-ல் மாற்றி அச்சடித்தபோது நாம் எப்படிக் கொதித்தெழுந்தோம், அந்த நோட்டுகளையே திரும்பப் பெறும்படி ஆனதே, மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் அடுப்பங்கரையில் கிரியோல்தான். இப்படிப்பட்ட வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் தமிழ் தானாக வாயில் வந்த இடங்கள் மிகக் கொஞ்சம், அதில் ஒன்று கல்யாண வீடு. என் பெரியம்மாவுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் கோர்த்துப் பேச வராது. ஆனால் நலங்கு வைக்க உட்கார்ந்துவிட்டால், மஞ்சளைக் கையில் எடுத்த அடுத்த நிமிடம் பாட்டு வரும், ஒரு சொல் இடறாது, எந்த அடிக்குப் பிறகு மற்ற பெண்கள் சேர்ந்து பாட வேண்டும் என்பது கண்ணசைவிலேயே நடக்கும்.

அவர் அந்தப் பாட்டுகளை ஒரு பழைய பள்ளி நோட்டில் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். நான் தமிழ் ஆசிரியை, அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். லகரமா ழகரமா, ரகரமா றகரமா, குறிலா நெடிலா என்று அந்த எழுத்தைப் பார்த்தால் தெரியாது. அவரே பாடிக் கேட்டால்தான் பாதிச் சொற்கள் பிடிபடுகின்றன, மீதியில் சில இன்னும் பிடிபடவில்லை. அவர் குரல் இல்லாமல் நோட்டு மட்டும் மிஞ்சினால் அந்தப் பாட்டை யாராலும் எடுத்துப் பாட முடியாது, மெட்டு நோட்டில் இல்லையே. இப்படி நோட்டு வைத்திருக்கும் பெண்கள் ரோஸ் ஹில்லில் இருக்கிறார்கள், தெற்கே கரும்புத் தோட்டப் பக்கம் இருக்கிறார்கள், நோட்டே இல்லாமல் நெஞ்சில் மட்டும் வைத்திருப்பவர்கள் அதைவிட அதிகம்.

நம் அண்டை வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 2016-ல் யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மொரீஷியஸின் போஜ்பூரி மக்கள் பாடும் கீத் கவாயைச் சேர்த்தது. நம் தீவின் சேகா பாட்டும் ஆட்டமும் அதற்கு முன்பே, 2014-ல், அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டன. கீத் கவாய் என்பது வேறொன்றுமில்லை, கல்யாணத்துக்கு முன்பு மணப்பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ உறவுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிச் செய்யும் சடங்கு. ஐந்து சுமங்கலிகள் ஒரு துணியில் மஞ்சள், அரிசி, புல், காசு என்று எடுத்து வைப்பார்கள், மற்றவர்கள் தெய்வங்களைப் பாடுவார்கள், அப்புறம் டோலக்குக்கும் மரியாதை செய்துவிட்டுப் பாட்டும் ஆட்டமும் தொடங்கும். வீட்டுக்குள் பாட்டிமாரோடு இருந்த விஷயம் இது. அதை ஒரு தலைமுறை உட்கார்ந்து கேட்டது, எழுதியது, பதிந்தது, இளம் பெண்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தது, பிறகுதான் உலகம் கேட்டது. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை. அவர்கள் செய்ததை நாமும் செய்திருக்க முடியும், இன்றைக்கும் முடியும்.

நம்மிடம் இல்லாததா? அகநானூற்றின் 86-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள், நல்லாவூர் கிழார் பாடியது. உளுந்து சேர்த்துக் குழைய ஆக்கிய சோறு, வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தல், கீழே புதுமணல், விளக்கு, தொங்கும் மாலை, நல்ல நாள் பார்த்த விடிகாலை. தலையில் குடத்தோடும் கையில் புதிய அகன்ற பாத்திரத்தோடும் வயதில் மூத்த பெண்கள் ஆரவாரமாக நிற்கிறார்கள், எதை முன்னால் கொடுப்பது எதைப் பின்னால் கொடுப்பது என்று அவர்கள்தான் நடத்துகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் நான்கு பேர் கூடி, பூவும் நெல்லும் இட்ட நீரை மணப்பெண்ணின் மேல் பெய்து, "கற்பினின் வழாஅ நற்பல உதவிப் பெற்றோற் பெட்கும் பிணையை ஆக" என்று வாழ்த்துகிறார்கள். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது. அந்தப் பாட்டில் தீ வலம் வருவது இல்லை, தாலி பற்றிப் பேச்சே இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது கண்ணகியும் கோவலனும் மாமுது பார்ப்பான் மறைவழி காட்டத் தீவலம் வந்துவிடுகிறார்கள், அது தனிக் கதை. அகநானூற்றுக் கல்யாணத்தில் சடங்கு முழுதும் பெண்கள் கையில் இருக்கிறது, நம் நலங்கிலும் அப்படியே இருக்கிறது. அங்கே நால்வர், போஜ்பூரி வீட்டில் ஐவர், எங்கள் வீட்டில் பெரியம்மாவும் அவர் கூப்பிடும் பெண்களும். குருக்கள் வந்து மந்திரம் சொல்வது அடுத்த நாள் காலையில்தான்.

அந்தப் பாட்டில் எனக்கு இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. தலைவன் தன் கல்யாண நாளை நினைத்துப் பார்த்துச் சொல்வதாக அது அமைந்திருக்கிறது. ஒருவன் தன் கல்யாணம் எப்படி நடந்தது என்று சொல்கிறான், புலவர் அவனை நிதானமாகச் சொல்ல விட்டிருக்கிறார், சோற்றில் உளுந்து இருந்ததையும் பந்தலில் மணல் பரப்பியிருந்ததையும் அதனால்தான் இன்று மொரீஷியஸில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து நாங்கள் படிக்கிறோம். மூங்கிலும் ஓலையும் கொண்டு வீட்டில் போடும் நம் கல்யாணப் பந்தலை, சால் வேர்த்தைப் பற்றி யார் இப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள்? மூங்கில் வெட்டி வந்தது யார், தென்னோலை கட்டியது யார், ஏழு கறிக்கு முதல் நாள் இரவே காய் நறுக்க எந்தெந்த வீட்டுப் பெண்கள் வந்தார்கள், எந்தக் கறியை யார் கைப்பக்குவத்துக்கு என்று விட்டுவைத்தார்கள்? இப்போது இரும்புக் குழாயும் தார்ப்பாயும் வந்துவிட்டன, பலர் மண்டபத்துக்கே போய்விட்டார்கள். போகட்டும், வசதி எல்லோருக்கும் வேண்டியதுதான். ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரிந்தவரைக் கேட்காமல் விடுவதற்கு அது காரணம் ஆகாது.

சரி, வானொலிக்கு வருகிறேன். கல்யாண மாதம் வந்துவிட்டால் நம் காதில் விழுவது எது? 1961-ல் வந்த பாசமலரிலிருந்து எல்.ஆர். ஈஸ்வரி பாடிய 'வாராய் என் தோழி', 1962-ல் வந்த சாரதாவிலிருந்து 'மணமகளே மருமகளே'. இரண்டும் நல்ல பாட்டு, இரண்டையும் கேட்டால் எனக்கு இன்றும் மனம் நெகிழும், என் அம்மா கல்யாணத்தில் ஒலிபெருக்கியில் போட்டதும் இவைதான். இவற்றை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பாட்டுகளைச் சென்னையில் போடுவார்கள், பினாங்கில் போடுவார்கள், டர்பனில் போடுவார்கள், நாம் போடாவிட்டாலும் அவை அழியப் போவதில்லை. என் பெரியம்மாவின் பாட்டு இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறது. அதை நீங்கள் போடாவிட்டால் வேறு எந்த ஊர் வானொலியும் போடாது.

தொலைக்காட்சியில் வரும் கல்யாணம் இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் தொடர்களில் கல்யாணம் என்றால் யாரோ வந்து நிறுத்த வேண்டும், தாலி கட்டும் நேரத்தில் ஒருவர் கத்த வேண்டும், மணப்பெண் அழுதபடி ஒரு வாரம் மணவறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கல்யாணம் என்றால் இந்தப் படம்தான் மனதில் வருகிறது. இளம் பெண்கள் மெஹந்தி இரவு, சங்கீத் இரவு என்று வடக்கத்திப் பழக்கத்தை ஆசையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. திரையில் பார்த்ததை விரும்புகிறார்கள், நம்முடைய நலங்கைத் திரையில் அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவே.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கொஞ்சம் கனமானது. நம் வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கிறார்கள். அந்த நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்போம், எந்த ஊர், யார் மனைவி, யார் தாய், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று. நல்ல வழக்கம், ஊரைச் சேர்த்து வைத்திருக்கும் வழக்கம். ஆனால் அந்தப் பெயர்களில் நலங்கு பாடத் தெரிந்த பெண்களின் பெயர்களும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. ஒரு பெண்ணின் பெயர் முதல் தடவையாக ஒலிபரப்பில் வருவது அவள் இறந்த நாளாக இருக்கக் கூடாது. உயிரோடு இருக்கும்போது அவள் குரலே வந்திருக்க வேண்டும்.

நம் தீவின் வடக்கு முனைக்கு வாருங்கள். காப் மலேரூவில் அந்தச் சிவப்புக் கூரை மாதா கோயில், அதற்குப் பின்னால் கடல், எதிரே கொய்ன் தெ மீர் தீவு. எத்தனை மணமக்கள் அங்கே வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள், கூறைச் சேலையோடு நம் பெண்களும் வருகிறார்கள். இந்த முனைக்கு ஒரு கதை ஒட்டியிருக்கிறது. 1744 ஆகஸ்டில் சேன் ஜெரான் என்ற பிரெஞ்சுக் கப்பல் நம் வடகிழக்குக் கரையில் இல் தாம்பருக்குப் பக்கத்தில் பாறையில் மோதி உடைந்தது, இது நடந்த சம்பவம். 1768 முதல் 1770 வரை இங்கே பொறியாளராக இருந்த பெர்னார்தேன் தெ சேன் பியேர், ஊருக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, 1788-ல் வந்த தன் நாவலில், போல், விர்ஜினி என்ற இருவரைக் கற்பனை செய்து அந்தக் கப்பலில் விர்ஜினியை ஏற்றிவிட்டார். ஒன்றாக வளர்ந்தவர்கள், கல்யாணம் செய்துகொள்ள வேண்டியவர்கள். போல் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கடலில் போய்விடுகிறாள். நாவலின் கடைசியில் காப் மலேரூ (துயர முனை), பே து தொம்போ (கல்லறை விரிகுடா), சேன் ஜெரான் கணவாய் ஆகிய மூன்று பெயர்களுக்கும் இந்தச் சாவையும் கப்பலையுமே காரணமாகச் சொல்லி முடிக்கிறார். இன்றைக்கும் வழிகாட்டிகள் பயணிகளுக்கு அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். பூத்ர் தோரில் கப்பலுக்கு நினைவுத் தூண் இருக்கிறது, கியூர்பீப்பில் போல் விர்ஜினியைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டும் சிலை இருக்கிறது, நம் மண்ணில் பிறந்த ப்ரோஸ்பேர் தெபினே செய்த சிற்பம்.

யோசித்துப் பாருங்கள், பிறக்கவே பிறக்காத இரண்டு பேர், நடக்கவே நடக்காத ஒரு கல்யாணம். ஒருவர் உட்கார்ந்து சொன்னார், அதனால் கடற்கரை முழுதும் அவர்கள் பெயர் நிற்கிறது. அந்தக் கதை அழகானது, நானும் படித்து வருந்தியவள்தான். ஆனால் இதே தீவில் நிஜமாகவே பிறந்து, கரும்பு வெட்டி, தாலி கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று வாழ்ந்த பெண்களுக்கு ஒரு கதையும் ஒரு முனையோடும் ஒட்டவில்லை.

அண்டைத் தீவு ரியூனியனைப் பாருங்கள். சலாசிக்குப் போகும் வழியில் மலைச்சரிவு முழுதும் வெள்ளையாக இறங்கும் அருவிக்கு மணப்பெண்ணின் முக்காடு என்று பெயர். அது வெறும் தோற்றத்துக்கு வைத்த பெயர் என்றே வைத்துக்கொள்வோம். அதே சலாசியில் தனித்து நிற்கும் மலைக்கு ஆன்ஷேன் பெயர், முதலாளியிடமிருந்து தப்பி ஓடிய அடிமை அவன், மனைவி ஏவாவோடு அந்த உச்சியில் ஒளிந்து வாழ்ந்தான் என்பது கதை. அடிமைகளாக இருந்த கணவன் மனைவி கதையை ஊர் விடாமல் சொன்னது, மலை அதை ஏற்றுக்கொண்டது. நம் முன்னோர் கப்பலேறி வந்த நாட்டிலும் இப்படித்தான், குமரிக் கரையில் பல நிறத்தில் மணல் கிடப்பது ஏன் என்று கேட்டால், சுசீந்திரத்து மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு வந்து சேராததால் நின்றுபோன கல்யாணத்தின் அரிசிதான் அது என்பார்கள். நம் தீவிலும் பீட்டர் போத் மலை உச்சியில் இருக்கும் பாறை, க்ரேவ் கேர் வழியாகப் பால் கொண்டு போனவன் தேவதைகளைப் பார்த்த ரகசியத்தைச் சொல்லிவிட்டதால் கல்லாகிவிட்ட உருவம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். 1615-ல் இந்தக் கடலில் மூழ்கிய டச்சுக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய மலைக்கு மக்கள் சொல்வது பால்காரன் கதையைத்தான்.

என் வகுப்பில் கேட்டேன், ஒரு தமிழ் மணப்பெண்ணோடு அல்லது ஒரு தமிழ்க் கல்யாணத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் ஏதாவது உங்கள் ஊரில் இருக்கிறதா என்று. திராங்கேபார் என்றான் ஒருவன், கொரோமாண்டல் என்றாள் ஒருத்தி. தரங்கம்பாடியும் சோழமண்டலக் கரையும் நம் ஊர்களின் பெயராக நிற்பது பெருமைதான், ஆனால் நான் கேட்டது அதை இல்லை. பிறகு ஒரு பையன் வீட்டில் பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னான், பழைய ஆலைக்குப் பின்னால் ஓடையில் ஒரு துறை இருக்கிறதாம், தோட்டத் தொழிலாளர் முகாமில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பெண்கள் பாடிக்கொண்டே போய் அங்கேதான் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்களாம், பாட்டியும் அவர் தோழிகளும் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்களாம். ஆலை போய்விட்டது, முகாம் போய்விட்டது, ஓடை இருக்கிறது. அகநானூற்றில் குடம் சுமந்து நின்ற பெண்களை நினைத்துக்கொண்டேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், அது அந்தப் பாட்டி தன் வாயால் வானொலியில் சொல்ல வேண்டிய பெயர்.

1834 தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவில் இறங்கியவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். அவர்கள் ஏறி வந்த படிகளை, ஆப்ரவாசி காட்டை, 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்றப் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் இருந்த அடையாளம் வரை இருக்கிறது. தொடக்கத்தில் வந்தவர்களில் பெண்கள் மிகக் கொஞ்சம், பின்னால்தான் இத்தனை ஆணுக்கு இத்தனை பெண் என்று கட்டாயம் ஆக்கினார்கள். வந்த பெண்களின் கல்யாணத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இருந்ததா என்றால், கோயிலில் தாலி கட்டினாலும் பதிவு இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணம் இல்லை என்ற நிலை இங்கே நெடுங்காலம் நீடித்தது. தென்னாப்பிரிக்காவில் 1913-ல் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். நம் பெண்களை மனைவியே இல்லை என்று சொன்ன தீர்ப்பு அது. அதற்கு எதிராகத் தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள், தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று வெளியே வந்து 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தாள். அடுத்த சில மாதங்களில் அந்த நாட்டில் சட்டம் மாறியது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் இந்தப் பெண்களின் கல்யாணத்துக்கு இருந்த ஒரே சாட்சி சுற்றி நின்று பாடிய மற்ற பெண்கள்தான். காகிதம் ஏற்கவில்லை, அரசு ஏற்கவில்லை, ஆனால் மஞ்சள் பூசி, நீர் ஊற்றி, பெயர் சொல்லிப் பாடி, இவள் இன்று முதல் இன்னாருக்கு மனைவி என்று ஊரறியச் செய்தது அந்தப் பாட்டு. நலங்குப் பாட்டில் மணப்பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் பாடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். என் பெரியம்மாவின் நோட்டில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறார், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அந்த இடத்தில் வேறு பெயர். நத்தாஷா அப்பானா 2003-ல் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய நாவலின் தலைப்பில் பூத்ர் தோரின் பெயரைச் சேர்த்தார், கப்பல் தூண் நிற்கும் அதே கடற்கரை. எழுத்தாளர்கள் தங்கள் பங்கைத் தொடங்கிவிட்டார்கள். குரல் உங்கள் பங்கு, அதை எழுத்தாளரால் செய்ய முடியாது.

எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், ஒலிபரப்புத் தொழில் தெரிந்தவர்கள் நீங்கள், இதைவிட நன்றாகச் செய்வீர்கள். முதலில், அவர்களை ஸ்டூடியோவுக்குக் கூப்பிடாதீர்கள். மைக்கும் கண்ணாடி அறையும் பார்த்தால் பெரியம்மா மாதிரிப் பெண்கள் இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்திவிடுவார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வீட்டுக்கே போங்கள், நலங்கு நடக்கும் இடத்தில் ஒரு ஓரமாகப் பதிவுக் கருவியை வைத்துவிட்டு உட்காருங்கள். குழந்தை அழும், பாத்திரம் உருளும், யாராவது நடுவில் சிரிப்பார்கள், அதையெல்லாம் வெட்டாதீர்கள், அந்தச் சத்தத்துக்குள்தான் அந்தப் பாட்டு வாழ்ந்திருக்கிறது. வீட்டாரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுவிடுங்கள், பாடுகிறவர் பெயரை அவர் விரும்பினால் தவறாமல் சொல்லுங்கள். நாயனக்காரரையும் மேளக்காரரையும் விட்டுவிடாதீர்கள், எந்தச் சடங்குக்கு எந்த உருப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்களிலும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அப்புறம், மொழி விஷயம். தயவுசெய்து அந்தப் பெண்களைத் தமிழில்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். நம் தமிழ் நிகழ்ச்சிகளில் சுத்தமான தமிழ் பேசுகிறவர்களை மட்டுமே கூப்பிடும் பழக்கம் இருக்கிறது, நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அதனால் பாட்டுத் தெரிந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள், பேசத் தெரிந்தவர்கள் உள்ளே வருகிறார்கள். அவர்கள் கிரியோலில் சொல்லட்டும், பாட்டு தமிழில் வரட்டும், அறிவிப்பாளர் நடுவில் இருந்து தமிழில் எடுத்துச் சொல்லட்டும். கிரியோல் கலந்தால் தமிழ் நிகழ்ச்சியின் தரம் கெடும் என்று யாராவது சொன்னால், எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: என் பெரியம்மாவைவிடத் தரமான தமிழை இந்தத் தீவில் நலங்கு நேரத்தில் நான் கேட்டதில்லை, அவர் அதைக் கிரியோல் பேசிக்கொண்டேதான் காப்பாற்றி வந்தார்.

வாரத்தில் அரை மணி நேரம் போதும். ஒரு வாரம் ஒரு பாட்டி, ஒரு பாட்டு, அவருடைய கல்யாணக் கதை, அவர் ஊரில் கல்யாணத்தோடு சேர்ந்த ஓர் இடம், ஓடையோ மரத்தடியோ கோயில் குளமோ, அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர். கேட்கிறவர்கள் கூப்பிட்டு எங்கள் ஊரில் அதே பாட்டை வேறு மாதிரிப் பாடுவோம் என்று சண்டை போடட்டும், அந்தச் சண்டையையும் பதிந்து வையுங்கள், எத்தனை வடிவம் இருந்தது என்று அதிலிருந்துதான் தெரியும். ஒலிபரப்பி முடித்ததும் பதிவை அழித்துவிடாமல் ஒரு பிரதியை மோக்காவுக்குக் கொடுங்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்களின் பெயர் இருக்கும் அதே கட்டடத்தில் அவர்களின் பேத்திமாரின் குரலும் இருக்க வேண்டும். இன்னொரு பிரதி எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வேண்டும். அகநானூற்றுப் பாட்டைப் பாடம் எடுத்த அன்றே, பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பாட்டியின் நலங்கையும் வகுப்பில் கேட்கலாம்.

கோயில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் கல்யாணத் தேதிகள் இருக்கின்றன, எந்த ஊரில் எந்தப் பெண் பாடுவார் என்று உங்கள் வீட்டு அம்மாக்களுக்குத் தெரியும். அந்த விவரத்தை ஒலிபரப்புக்காரர்களுக்குக் கொடுங்கள், வீட்டாரிடம் அறிமுகம் செய்து வையுங்கள். கோயில் கூட்டங்களில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள்தான், இந்த விஷயத்தில் பெண்களைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்காதீர்கள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் நடக்கப் போகும் கல்யாணங்களில் நலங்கு பாட ஒப்புக்கொண்ட பெண்களிடம் நானே பேசி வைத்திருக்கிறேன். பதிவு செய்ய வருகிறீர்கள் என்றால் எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள், வீட்டாரிடம் சொல்லி உங்களுக்கும் சேர்த்து இலை போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை